ஸ்கேனுக்குள் இருக்கும் ஆள்

ஆராய்ச்சிக்குப் படம் கேட்டு எங்கள் அறைக்கு வரும் பிஜி டாக்டர்கள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் பேசுவார்கள். "பேரை மட்டும் எடுத்துட்டு பென் டிரைவ்ல போட்டுக் குடுத்துடுங்க சார். எத்திக்ஸ் கமிட்டி ஓகே பண்ணிட்டாங்க." தீசிஸ் கொடுக்கவேண்டிய தேதி நெருங்க நெருங்கப் பேச்சில் 'சார்' கூடும், பொறுமை குறையும். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். படத்தின் ஓரத்தில் பெயர் இருக்கிறது, அதை அழித்துவிட்டால் அது யாருடைய படமும் இல்லை என்றுதான் படித்தவர்களே நினைக்கிறார்கள். நான் ரேடியோகிராஃபராக வேலைக்குச் சேர்ந்தவன். எக்ஸ்ரே, சிடி, எம்ஆர்ஐ என்று எல்லா அறையிலும் நின்றுவிட்டு, இப்போது ஒரு மருத்துவக் கல்லூரியில் ஸ்கேன் படங்கள் சேமித்திருக்கும் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறேன். ஆராய்ச்சிக்கென்று வெளியே போகிற ஒவ்வொரு படத்திலும் நோயாளியின் அடையாளத்தை நீக்கித் தருவது என் பொறுப்பு. அதில் பெயரை அழிப்பதற்கு ஒரு நொடிகூட ஆகாது. மற்றதற்குத்தான் நாள் போகிறது.

படமே கொடுக்காமல் இருந்துவிடலாமே என்று சிலர் கேட்பதுண்டு. அதில் எனக்கு உடன்பாடு இல்லை. சர்க்கரை நோயால் விழித்திரை கெடுவதைக் கம்ப்யூட்டரே கண்டுபிடிக்கும் என்று 2016-இல் கூகுள் ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். அந்தக் கம்ப்யூட்டருக்குப் பாடம் நடத்தியவை 1,28,175 கண் படங்கள். அவற்றில் ஒரு பகுதி அரவிந்த் கண் மருத்துவமனை, சங்கர நேத்ராலயா உள்ளிட்ட நம் நாட்டு மருத்துவமனைகளிலிருந்து போனவை. கண் டாக்டர் இல்லாத ஊரில் இருக்கும் ஒரு சர்க்கரை நோயாளிக்குப் பார்வை தப்பினால், அதற்கு முன்பின் தெரியாத ஆயிரக்கணக்கான பேரின் கண் படம் காரணமாக இருக்கும். ஆகவே படம் போகத்தான் வேண்டும். ஆளும் கூடவே போய்விடக்கூடாது, அவ்வளவுதான்.

ஆள் எங்கெங்கே ஒளிந்திருக்கிறார் என்று பார்ப்போம்.

ஸ்கேன் படங்களெல்லாம் டைகாம் என்ற ஒரே வடிவத்தில்தான் சேமிக்கப்படுகின்றன. எந்தக் கம்பெனி மெஷினில் எடுத்தாலும் எந்த ஊர்க் கணினியிலும் திறக்கவேண்டும் என்பதற்காக அமெரிக்கக் கதிரியக்க டாக்டர்களும் மெஷின் தயாரிப்பாளர்களும் 1980-களில் உட்கார்ந்து பேசி வகுத்தது. 1993-இலிருந்து இந்தப் பெயர். இதில் படம் தனியாக இருக்காது. பத்திரத்தின் முதல் பக்கத்தில் எழுதிக்கொடுப்பவர், வாங்குபவர் என்று வரிசையாக வருமே, அப்படி ஒவ்வொரு படத்துக்கு முன்னாலும் ஒரு தகவல் பகுதி ஒட்டியிருக்கும். ஒவ்வொரு தகவலுக்கும் எண் உண்டு. 0010,0010 என்றால் நோயாளி பெயர். 0010,0020 என்றால் ஆஸ்பத்திரி எண். 0010,0030 பிறந்த தேதி. 0008,0080 ஆஸ்பத்திரியின் பெயர். 0008,0090 அனுப்பிய டாக்டர். ஒரு சிடி ஸ்கேன் என்பது நூற்றுக்கணக்கான படங்கள். அத்தனையிலும் இந்தப் பகுதி திரும்பத் திரும்ப வரும்.

எண் போட்ட கட்டங்களைக் காலி செய்ய மென்பொருள் இருக்கிறது, இலவசமாகவே கிடைக்கிறது. எதையெல்லாம் அழிக்கவேண்டும், எதையெல்லாம் மாற்றவேண்டும் என்று டைகாம் விதிப்புத்தகத்திலேயே நீளமான பட்டியல் உண்டு. பிரச்சினை, கட்டத்தை நிரப்புகிற மனிதர்களிடம். இரவு ஷிப்டில் கன்சோலில் உட்கார்ந்திருக்கும் பையன் எந்தக் கட்டத்தில் எதைத் தட்டுவான் என்று எந்தப் பட்டியலும் சொல்லாது. ஒரே பெயரில் வார்டில் மூன்று மாரியம்மாள் இருந்தால் குழப்பம் வராமலிருக்க 'மாரியம்மாள் க/பெ கருப்பையா மேலத்தெரு' என்று பெயர்க் கட்டத்திலேயே குடும்பத்தையும் தெருவையும் சேர்த்துவிடுவான். அது பெயரோடு அழிந்துவிடும், பரவாயில்லை. ஆனால் குறிப்புக் கட்டம் என்று ஒன்று இருக்கிறது. அதில் நான் பார்த்தவை: 'வார்டு சிஸ்டரோட அண்ணி', 'பில் பாக்கி', 'பஞ்சாயத்துத் தலைவர் வீடு'. எல்லாவற்றிலும் மோசம், 'பாசிட்டிவ், கிளவுஸ் போடவும்'. அடுத்த ஷிப்டில் வருகிறவனுக்கு எச்சரிக்கை என்று நல்ல எண்ணத்தில்தான் தட்டியிருப்பார்கள். எச்ஐவி தொற்று உள்ளவரின் நிலையை அவர் சம்மதமில்லாமல் வெளியே சொல்வதை 2017-இல் வந்த எச்ஐவி–எய்ட்ஸ் சட்டம் தடுக்கிறது. அந்த மூன்று சொல் படத்தோடு ஒட்டிக்கொண்டு இன்னொரு ஊர் ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போனால் யார் பொறுப்பு? அதனால் குறிப்புக் கட்டத்தை நான் படித்துப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதில்லை. மொத்தமாகக் காலி.

மெஷின் கம்பெனிகள் தங்கள் சொந்த உபயோகத்துக்கு வைத்துக்கொள்ளும் தனிக் கட்டங்களும் உண்டு. ஒற்றைப்படை எண்ணில் தொடங்கினால் அது கம்பெனியின் கட்டம் என்று அர்த்தம். உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியாருக்குத் தெரியாது. சில மெஷின்களில் நோயாளி பெயரின் இன்னொரு நகல் அங்கே குந்தியிருக்கும். எல்லாவற்றையும் அழித்தால் எம்ஆர்ஐ ஆராய்ச்சிக்குத் தேவையான அளவுகளும் சேர்ந்து போய்விடும், டாக்டர் வந்து சண்டை போடுவார். பிறகு, ஒவ்வொரு ஸ்கேனுக்கும் மெஷின் தானாகவே கொடுக்கும் நீளமான அடையாள எண். பார்க்க வெறும் புள்ளியும் இலக்கமும்தான். நடுவில் உற்றுப் பார்த்தால் ஸ்கேன் எடுத்த வருடம், மாதம், தேதி, மணி, நிமிடம் வரிசையாக நிற்கும். தேதிக் கட்டத்தை அழித்துவிட்டு இதை அப்படியே விட்டால் பிரயோஜனமில்லை. இஷ்டத்துக்கு மாற்றவும் முடியாது. ஒரே ஸ்கேனின் எல்லாப் படங்களிலும் ஒரே மாதிரி மாற்றாவிட்டால் தலை ஒரு பக்கமும் கழுத்து ஒரு பக்கமுமாகப் படங்கள் சிதறிவிடும்.

இதெல்லாம் எழுத்து. படத்தின் மேலேயே எழுதியிருந்தால்? அல்ட்ராசவுண்ட் படத்தில் மேல்வரியில் பெயரும் எண்ணும் தேதியும் புள்ளி புள்ளியாகப் படத்தோடு படமாகப் பதிந்திருக்கும். தகவல் பகுதியைச் சுத்தமாகத் துடைத்தாலும் அது போகாது. அந்த இடத்தைக் கறுப்புப் பட்டையால் மூடவேண்டும். மெஷினுக்கு மெஷின் இடம் மாறும். சிடி ஸ்கேனில் இதைவிடத் தந்திரமான ஓர் இடம் இருக்கிறது. எவ்வளவு கதிர்வீச்சு கொடுத்தோம் என்ற கணக்கை மெஷின் கடைசியில் ஒரு பக்கமாக அடித்து, அதையும் ஒரு படமாகச் சேர்த்துவிடும். முந்நூறு படங்களில் முந்நூறாவது. அதில் முழுப் பெயர் இருக்கும். சில இடங்களில் டாக்டர் கைப்பட எழுதிய சீட்டையே ஸ்கேனரில் போட்டு நோயாளியின் படக்கட்டில் சேர்த்துவைக்கிறார்கள். பெயர், வயது, ஊர், சந்தேகப்படும் நோய், டாக்டரின் கையெழுத்து, சீல். முதல் பத்துப் படத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று அனுப்புகிறவருக்கு இது கண்ணில் படாது. நான் கடைசியிலிருந்து பார்க்கத் தொடங்குவேன்.

இனி எழுத்தே இல்லாத இடத்துக்கு வருவோம். எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்த ராண்ட்கன் 1895 டிசம்பரில் தன் மனைவி அன்னா பெர்த்தாவின் கையை எக்ஸ்ரே எடுத்தார். உலகம் முழுக்கப் பாடப்புத்தகங்களில் வரும் அந்தப் படத்தில் எலும்பைவிட முதலில் கண்ணில் படுவது விரலில் திரண்டு நிற்கும் மோதிரம். நூற்றிருபது வருடம் கழித்து அதே விஷயம் வேறு விதமாக வந்தது. 2017-இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நெஞ்சு எக்ஸ்ரே படங்களைக் கூகுள் பொதுவில் வெளியிட இருந்தது. வெளியிட இரண்டு நாள் இருக்கும்போது நிறுவனத்திலிருந்து அழைப்பு: சில படங்களில் ஆளை அடையாளம் காட்டும் விவரங்கள் இன்னும் இருக்கின்றன. எக்ஸ்ரே எடுத்த தேதி ஒன்று. நோயாளிகள் அணிந்திருந்த, தனித்துத் தெரிகிற நகைகள் இன்னொன்று. வெளியீட்டைக் கூகுள் கைவிட்டது. 2019-இல் வாஷிங்டன் போஸ்ட் எழுதிய பிறகுதான் விஷயம் வெளியே தெரிந்தது.

நம் ஊர் எக்ஸ்ரே அறையில் நின்றவர்களுக்கு இது ஆச்சரியமே இல்லை. "அம்மா, கழுத்துல இருக்கறதக் கழட்டிடுங்கம்மா" என்று சொன்னால், "தாலிய எப்படிப்பா கழட்டறது?" என்று பதில் வரும். அதற்கு மேல் யாரும் வற்புறுத்துவதில்லை. தூக்கித் தோள்மேல் போடச் சொல்வோம், மூச்சை இழுத்துப் பிடிக்கும்போது அது நழுவி வந்துவிடும். மஞ்சள் கயிறு படத்தில் விழாது. அதில் கோத்த பொன் பளிச்சென்று விழும். தாலியின் உருவம் சாதிக்குச் சாதி, ஊருக்கு ஊர் வேறு என்பது நம் ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. நுரையீரலைப் பார்க்க எடுத்த படத்தில் சாதி தெரிகிறது. பாதத்தின் எக்ஸ்ரேயில் மெட்டி தெரியும். வயிற்றுப் படத்தில் அரைஞாணில் கட்டிய தாயத்து தெரியும், வெள்ளியா செம்பா என்பதுவரை சொல்லிவிடும் சீனியர்கள் இருக்கிறார்கள். இவற்றை மறைக்க அமெரிக்காவில் எழுதிய மென்பொருளுக்குத் தெரியாது. கையால் மறைக்கவேண்டும், அல்லது அந்தப் படத்தையே தொகுப்பில் சேர்க்காமல் விடவேண்டும். நான் பெரும்பாலும் இரண்டாவதைத்தான் செய்கிறேன்.

நகையைக் கழற்றலாம். முகத்தை?

தலையை சிடி எடுத்த படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி முப்பரிமாண உருவமாக்க ஒரு பொத்தான் போதும். சிடியில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் உண்டு. காற்றுக்கு மைனஸ் 1000, தண்ணீருக்குப் பூஜ்யம், எலும்புக்குப் பல நூறு. எலும்பு அளவில் வைத்தால் மண்டையோடு தெரியும். அளவைக் கீழே இறக்கிக்கொண்டே வந்தால், காற்றும் சதையும் தொடும் எல்லையில், மண்டையோட்டின்மேல் மெல்ல முகம் போர்த்திக்கொள்ளும். மூக்கு, மூடிய இமை, உதடு, காது. முடி மட்டும் விழாது, எல்லாரும் மொட்டையாக இருப்பார்கள். எம்ஆர்ஐயாக இருந்தால் சத்தத்துக்கு மாட்டிய ஹெட்போன் காதைக் கன்னத்தோடு அமுக்கியிருப்பதுகூடத் தெரியும். பேரை மட்டும் எடுத்தால் போதும் என்று வந்த ஒரு டாக்டருக்கு அவருடைய தொகுப்பிலிருந்தே ஒன்றை இப்படித் திருப்பிக் காட்டினேன். "இவர் எங்க வார்டுல இருந்தவராச்சே!" என்றார். அதன்பிறகு பென் டிரைவ் பேச்சு வரவில்லை. அரை சென்டிமீட்டர் தடிமனில் வெட்டி எடுத்த பழைய ஸ்கேன்களில் முகம் படிக்கட்டு படிக்கட்டாகத்தான் வரும், ஆள் தெரியாது. ஒரு மில்லிமீட்டருக்கு வெட்டும் இன்றைய மெஷின்களில் அந்தச் சௌகரியம் போய்விட்டது.

இது எவ்வளவு தூரம் ஆபத்து என்று அமெரிக்காவின் மேயோ கிளினிக் ஆராய்ச்சியாளர்கள் சோதித்தார்கள். தாமாக முன்வந்த 84 பேரின் சாதாரண முகப் புகைப்படங்களையும், அவர்களுடைய மூளை எம்ஆர்ஐயிலிருந்து கட்டிய முகங்களையும் முகமறியும் மென்பொருளிடம் கொடுத்தார்கள். 70 பேரை அது சரியாகப் பொருத்தியது, நூற்றுக்கு 83. 2019-இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் இது வந்தபோது எங்கள் தொழிலில் இருக்கிறவர்களுக்கு வயிற்றைக் கலக்கியது. ஒன்றைச் சொல்லவேண்டும்: 84 பேருக்குள் தேடுவது வேறு, கோடிக்கணக்கான பேருக்குள் தேடுவது வேறு. ஆனால் தேடுகிறவரிடம் கோடிப் பேர் இருக்கவேண்டிய அவசியமில்லை. ஒரு கல்லூரியின் ஆய்வில் கலந்துகொண்டவர்கள் யார் என்று தோராயமாகத் தெரிந்தால் போதும், கூட்டம் தானாகவே நூறு இருநூறாகச் சுருங்கிவிடும்.

ஆகவே இப்போது முகத்தை வெட்டுகிறோம். மூளையைத் தொடாமல் முகத்தின் தோல் பரப்பை மட்டும் சீவிவிடும் மென்பொருள்கள் பல இருக்கின்றன. மேயோ கிளினிக்கே இன்னொரு வழி செய்தது: வெட்டிய இடத்தில் பலருடைய முகத்தைக் கலந்து செய்த ஒரு சராசரி முகத்தை ஒட்டிவிடுவது. வெட்டினால் முடிந்தது என்றும் இல்லை. வெட்டிய முகத்தைக் கற்பனையாக மறுபடி நிரப்பிக் காட்ட முடியுமா என்று ஸ்வீடனில் லின்ஷாப்பிங் பல்கலைக்கழகத்தார் 2019-இல் முயன்றார்கள், ஓரளவுக்கு முடிந்தது. இன்னொரு பக்கம், தாடை, பல், கண்குழி, சைனஸ் பற்றி ஆராய்கிறவருக்கு முகத்தை வெட்டினால் கையில் என்ன மிஞ்சும்? தலை, கழுத்துப் புற்றுநோய்ப் படங்களில் இதே சிக்கல். அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் பொதுப் படக்களஞ்சியம் இத்தகைய தொகுப்புகளை முன்போல யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ள விடுவதில்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு வாங்கவேண்டும். எனக்கு இந்த வழிதான் சரியென்று படுகிறது. அழிக்க முடியாததை அழித்ததாகப் பாவனை செய்வதைவிட, யார் கையில் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுப்பது மேல்.

முகம் இல்லாத நெஞ்சுப் படம் பத்திரமானது என்று வெகுநாள் நினைத்திருந்தோம். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் பின்னர் தானே வெளியிட்ட நெஞ்சு எக்ஸ்ரே தொகுப்பில் 30,805 பேரின் 1,12,120 படங்கள் இருக்கின்றன. ஜெர்மனியின் எர்லாங்கன் ஆராய்ச்சியாளர்கள் அதை வைத்து ஒரு கம்ப்யூட்டரைப் பழக்கினார்கள். கேள்வி ஒன்றே: இந்த இரண்டு எக்ஸ்ரேயும் ஒரே ஆளுடையவையா? 2022-இல் அவர்கள் சொன்ன விடை, நூற்றுக்கு 95-க்கும் மேல் சரி. படங்களுக்கு நடுவே வருடக்கணக்கில் இடைவெளி இருந்தாலும்கூட. விலா எலும்பின் வளைவு, இதயத்தின் நிழல், எல்லாம் சேர்ந்து கைரேகை மாதிரி ஆகிவிடுகிறது. வளைகுடா வேலைக்குப் போகிற ஒவ்வொருவரும் மெடிக்கலில் நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துக்கொள்கிறார் என்பதை நினைத்துப் பாருங்கள். அந்தப் படம் பெயரோடு ஒரு இடத்தில் இருக்கிறது. அதே ஆள் என்றோ ஓர் ஆஸ்பத்திரியில் எடுத்த படம் பெயரில்லாமல், ஆனால் நோயின் பெயரோடு, பொதுத் தொகுப்பில் இருந்தால் இரண்டையும் கோர்ப்பது இனி முடியாத காரியமில்லை.

விழித்திரைப் படமும் இப்படித்தான். முன்பு சொன்ன கண் படங்களை ஆராய்ந்த அதே கூகுள் வட்டாரத்திலிருந்து 2018-இல் இன்னொரு கட்டுரை வந்தது: விழித்திரையைப் பார்த்தே ஆணா பெண்ணா, வயது என்ன, புகைபிடிப்பவரா என்று கம்ப்யூட்டர் சொல்கிறது. ஆணா பெண்ணா என்பதை அனுபவமுள்ள கண் டாக்டரால்கூட அந்தப் படத்தில் சொல்ல முடியாது. (ஆதாருக்கு எடுப்பது விழித்திரை இல்லை, கண்ணுக்கு முன்னால் தெரியும் கருவிழிப் படலம். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய.)

பெயர் இல்லாத தகவலை வைத்து ஆளைப் பிடிப்பதில் முதல் பாடம் ஸ்கேன் உலகத்தில் நடக்கவில்லை. 1990-களின் நடுவில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் அரசு ஊழியர்களின் மருத்துவப் பதிவுகளைப் பெயர் நீக்கி ஆராய்ச்சிக்குக் கொடுத்தது. யாருக்கும் பாதிப்பு வராது என்று கவர்னர் வில்லியம் வெல்ட் உறுதி சொன்னார். அப்போது மாணவியாக இருந்த லட்டான்யா ஸ்வீனி, 20 டாலர் கொடுத்து கேம்பிரிட்ஜ் நகர வாக்காளர் பட்டியலை வாங்கினார். பிறந்த தேதி, பாலினம், தபால் குறியீடு மூன்றையும் பொருத்தினார். கவர்னருடைய மருத்துவப் பதிவே கையில் வந்துவிட்டது. அமெரிக்கச் சட்டம் இப்போது நீக்கவேண்டிய அடையாளங்கள் என்று 18 வகைகளை எண்ணிச் சொல்கிறது. அதில் ஒரு நுணுக்கம் எனக்குப் பிடிக்கும்: 89 வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதைத் தனியாகப் போடக்கூடாது, எல்லாரையும் '90-உம் அதற்கு மேலும்' என்று ஒரே கூட்டமாக்கவேண்டும். ஊரில் 97 வயதுக்காரர் ஒருவர்தானே இருப்பார்.

நம் சட்டத்தில் அப்படி எண்ணிட்ட பட்டியல் இல்லை. அதனால் தீசிஸ்களில் 'மிக அரிதான கட்டி, 34 வயதுப் பெண், இன்ன ஒன்றியம், 2021' என்று சாவகாசமாக எழுதுகிறார்கள். அந்த ஒன்றியத்தில் அந்தக் கட்டி வந்த பெண் யார் என்று கண்டுபிடிக்கக் கம்ப்யூட்டர் வேண்டாம், டீக்கடை போதும். கண்ணை மட்டும் கறுப்புப் பட்டையால் மறைத்து நோயாளியின் புகைப்படத்தைப் போடும் வழக்கமும் இங்கே இன்னும் சாகவில்லை. அது போதாது என்று மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு எப்போதோ சொல்லிவிட்டது. சொந்தக்காரர்கள் மூக்கையும் தாடையையும் வைத்தே கண்டுகொள்வார்கள்.

இப்படிச் சொல்லிக்கொண்டே போனால் எல்லாவற்றையும் அழித்துவிடு என்றுதான் தோன்றும். அழித்தால் ஆராய்ச்சி செத்துவிடும். தேதியை எடுத்துக்கொள்ளுங்கள். மருந்து கொடுத்து மூன்று மாதத்தில் கட்டி எவ்வளவு சுருங்கியது என்பதுதான் கேள்வி என்றால் தேதி இல்லாத இரண்டு படங்களை வைத்து என்ன செய்வது? இதற்கு ஒரு நல்ல யுக்தி இருக்கிறது: ஒவ்வொரு நோயாளிக்கும் ஏதோ ஓர் எண்ணிக்கை நாட்களைத் தேர்ந்து, அவருடைய எல்லாத் தேதிகளையும் அதே அளவுக்குத் தள்ளிவிடுவது. இடைவெளி மாறாது, உண்மைத் தேதி தெரியாது. பாஸ்டன் நகர மருத்துவமனை ஒன்றின் 3,77,110 நெஞ்சு எக்ஸ்ரே படங்கள் கொண்ட புகழ்பெற்ற மிமிக் தொகுப்பில் இப்படித்தான் செய்திருக்கிறார்கள். 2011-க்கும் 2016-க்கும் இடையே எடுத்த படங்களில் எல்லாம் 2100-க்குப் பிந்தைய தேதி. முதல்முறை பார்க்கிறவர் மெஷினில் கோளாறு என்றே நினைப்பார். அந்தத் தொகுப்பை வாங்க, நோயாளி ரகசியம் பற்றிய இணையப் பாடத்தில் தேறிய சான்றிதழும் வேண்டும், ஆளை அடையாளம் காண முயல மாட்டேன் என்ற ஒப்பந்தமும் வேண்டும்.

படத்திலிருந்து நோயாளிக்குத் திரும்பிப் போகும் வழியை அழிப்பதா வைத்திருப்பதா என்பது இன்னொரு கேள்வி. நாங்கள் பெயருக்குப் பதில் 'சி-017' என்று ஓர் எண் கொடுக்கிறோம். சி-017 யார் என்ற பட்டியல் தனிக் கணினியில், தனிப் பூட்டில், ஆராய்ச்சி டாக்டர் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கும். முதுகெலும்பு பற்றிய ஓர் ஆய்வில் டாக்டர் ஒருவர் தண்டுவடத்தை அளந்துகொண்டிருந்தபோது படத்தின் ஓரத்தில் சிறுநீரகத்தில் ஒரு கட்டி கண்ணில் பட்டது. ஸ்கேன் எடுத்த அன்று யாரும் அதைக் கவனித்திருக்கவில்லை. டாக்டருக்கு அது யார் என்று தெரியாது, தெரியவும் கூடாது. எண்ணை எனக்கு எழுதி அனுப்பினார். நான் பட்டியலைத் திறந்து துறைத்தலைவரிடம் சொல்ல, அவர் நோயாளிக்குப் போன் போட்டார். நோயாளி வந்து வைத்தியம் பார்த்துக்கொண்டார். பட்டியலை முதல் நாளே கிழித்துப் போட்டிருந்தால் அந்தக் கட்டிக்குச் சொந்தக்காரர் கிடைத்திருக்க மாட்டார்.

எம்ஆர்ஐயிலிருந்து முகத்தைக் கட்டும் கம்ப்யூட்டரைப் பற்றி இவ்வளவு சொன்னேன். ஆனால் என்னைக் கேட்டால், அன்றாடம் ரகசியம் ஒழுகுவது அந்த வழியில் இல்லை. 2019 செப்டம்பரில் ஜெர்மனியின் கிரீன்போன் நெட்வொர்க்ஸ் என்ற நிறுவனம் இணையத்தைத் துழாவிப் பார்த்தது. 52 நாடுகளில், சுமார் 2.4 கோடி நோயாளிப் பதிவுகளும் அவற்றோடு தொடர்புள்ள 73 கோடிக்கும் மேற்பட்ட படங்களும் பாதுகாப்பில்லாத ஸ்கேன் சேமிப்புக் கணினிகளில் கிடந்தன. யாரும் திருடவில்லை, பூட்டை உடைக்கவில்லை. பூட்டே போடவில்லை. பெயர், பிறந்த தேதி, எல்லாம் அப்படியே. நம் பங்குக்கு வாட்ஸ்அப் இருக்கிறது. லைட் பாக்ஸில் மாட்டிய ஃபிலிமை மொபைலில் படமெடுத்து, ஓரத்தில் பெயர் தெரியத் தெரிய, "இன்ட்ரஸ்டிங் கேஸ்" என்று குரூப்பில் போடுகிறார்கள். அந்தக் குரூப்பில் நூற்றைம்பது பேர், அதில் மெடிக்கல் ரெப் எத்தனை, படிப்பை முடித்து வெளிநாடு போனவர் எத்தனை என்று அட்மினுக்கே தெரியாது.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அடையாளம் தெரியும்படி நோயாளியின் படத்தைச் சம்மதமில்லாமல் இதழில் வெளியிடக்கூடாது என்று 2002-ஆம் ஆண்டின் மருத்துவக் கவுன்சில் ஒழுங்குமுறை சொல்கிறது. அடையாளம் நீக்கிய பழைய படங்களை வைத்துச் செய்யும் ஆய்வுக்கு, ஒவ்வொரு நோயாளியிடமும் புதிதாகச் சம்மதம் வாங்குவதிலிருந்து எத்திக்ஸ் கமிட்டி விலக்கு தரலாம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 வழிகாட்டி நெறி. 2023-இல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 2025 நவம்பரில் விதிகள் வந்தன, கடமைகள் கட்டங்கட்டமாக அமலுக்கு வருகின்றன. அந்தச் சட்டமும் ஆராய்ச்சிக்குச் சலுகை கொடுக்கிறது. தனிப்பட்ட ஒருவரைப் பற்றி முடிவெடுக்க அந்தத் தகவலைப் பயன்படுத்தக்கூடாது, விதியில் சொன்ன தரங்களைக் கடைப்பிடிக்கவேண்டும் என்பது நிபந்தனை. சலுகை இருக்கட்டும், எத்திக்ஸ் கமிட்டி ஓகே பண்ணியது ஆய்வைத்தான், பென் டிரைவை இல்லை என்பதை நான் திரும்பத் திரும்பச் சொல்லவேண்டியிருக்கிறது.

புதிதாகப் படம் எடுத்துச் செய்யும் ஆய்வுகளுக்கு நேரடியாகச் சம்மதம் வாங்குகிறோம். படிவம் தமிழில் இருக்கும், பக்கம் அதிகமாக இருக்கும், பெரும்பாலும் படிக்காமலே கையெழுத்து விழும். படித்த ஓர் அம்மா கேட்ட கேள்வி: "பின்னாடி எனக்கு வேண்டாம்னு தோணினா, என் படத்த எடுத்துடுவீங்களா தம்பி?" அதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. பட்டியல் என்னிடம் இருக்கும்வரை சி-017-ஐத் தேடி நீக்கிவிடலாம். ஆய்வு முடிந்து, பட்டியலை அழித்து, தொகுப்பைப் பொதுவில் வெளியிட்ட பிறகு முடியாது. நாம் வேலையை எவ்வளவு ஒழுங்காகச் செய்திருக்கிறோமோ அவ்வளவுக்கு அந்த அம்மாவின் படம் எது என்று எனக்கே தெரியாது. தெரிந்தாலும், ஏற்கெனவே எத்தனை நாட்டில் எத்தனை பேர் இறக்கி வைத்திருக்கிறார்களோ. அவரிடம் இதை இப்படியே சொன்னேன். "அப்ப எது வரைக்கும் சொல்லலாம்னு ஒரு தேதி எழுதிக் குடுத்துடுங்க" என்றார். எங்கள் படிவத்தில் அப்படி ஒரு வரி அப்போது இல்லை. இப்போது கையெழுத்துக் கோட்டுக்கு நேர்மேலே, தேதிக்கு இடம்விட்டு, தடித்த எழுத்தில் இருக்கிறது. உங்களிடம் நீட்டப்படும் படிவத்தில் அது இல்லாவிட்டால் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.